கடலுக்கு எந்த மருத்துவர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'கடலுக்கு இருமுனைக் கோளாறு: நெல்லையில் மழை வெளுத்து வாங்கும்' என்று தங்கள் நெல்லைப் பதிப்பில் கொட்டை எழுத்தில் கண்டேன். கடலை எந்த மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவதாக உத்தேசம்? மன எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வாட்டும் நோய் பைபோலார். இந்தியப் பெருங்கடலில் நிகழ்வது டைபோல், அதாவது இரண்டு முனை கொண்ட வெப்ப ஏற்றத்தாழ்வு. ஆப்பிரிக்கப் பக்கம் கடல் வழக்கத்தைவிடச் சூடேறி, சுமத்ரா பக்கம் குளிர்ந்தால் நேர்மறை, தலைகீழானால் எதிர்மறை. 1999-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். தாங்கள் அறியாததல்ல. அந்த நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் தெருவில் உண்டு. அவர்களும் தங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள்.

நான் பாளையங்கோட்டையில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பூமியின் காந்தப்புலமே ஏறக்குறைய ஒரு டைபோல்தான். காந்த நடுக்கோடு நம் பக்கமாகப் போவதால், காந்தப்புலத்தின் சாய்வைக் காட்டும் எங்கள் ஆய்வுக்கூடத்துச் சரிவு ஊசி கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். வடக்கே போகப் போகத் தலை குனியும். கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம் வைத்திருப்பதும் இதற்காகத்தான். இதையெல்லாம் கட்டுரையாக அனுப்பினேன். இடமில்லை என்று பதில் வந்தது. அந்த வாரம் ராசிக்கல் விளம்பரத்துக்கு அரைப் பக்கம் இருந்தது.

இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தெரிய வேண்டுமென்று மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிய ஊர்க்காரர்கள் நாங்கள். அதில் ஒயர் முடுக்கிய அந்த வளைந்த குழாய்க்கு டைபோல் என்று பெயர் என்பது ரேடியோ கடைப் பையனுக்குக்கூடத் தெரியும்.

போகட்டும், மழைக்கு வருகிறேன். நேர்மறை டைபோல் வடகிழக்குப் பருவமழைக்குக் கைகொடுக்கலாம். உத்தரவாதம் எழுதித் தராது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதற்குக் குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட காற்றுச் சுழற்சி நேரடிக் காரணம். தாமிரபரணி கரை புரண்ட அந்த வாரம் தாங்கள் பாபநாசம் அணையின் மட்டத்தை மணிமுத்தாறுக்கு நேரே அச்சிட்டீர்கள். 118 அடி அணையில் 130 அடித் தண்ணீர்! கீழே குடியிருக்கும் என் தங்கை வீட்டார் அதைப் படித்துவிட்டு மூட்டை கட்டினார்கள். திருத்தம் இன்றுவரை வரவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தலைப்புக்கு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அணை நீர்மட்டப் பட்டியலைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். கண்ணாடி போட்டும் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.