அச்சு நூல் வாங்கியவருக்கு மின்னூலும் முழு விலையா?

ஆசிரியர் அவர்கட்கு,

சென்ற மாதம் தமிழகப் பதிப்பான நாவல் ஒன்றைத் திருகோணமலைப் புத்தகக் கடையொன்றில் சொல்லிவைத்து வாங்கினேன். இந்திய விலையை எங்கள் ரூபாவுக்கு மாற்றி, கொண்டுவரும் செலவையும் சேர்த்து ஒட்டியிருந்த விலையைப் பற்றி எனக்கு முறைப்பாடில்லை. ஆனால் அறுநூறு பக்கத்துக்குள் அடக்குவதற்காக எழுத்தை எறும்பளவாக்கியிருந்தார்கள். வெள்ளெழுத்து விழுந்த என் கண்ணுக்கு ரகரம் எது, துணைக்கால் எது என்று பிரித்தறிய முடியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாமென்று மின்னூலைத் தேடினால், அதற்குத் தனி விலை. புத்தகம் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று சொல்வதற்கு அங்கே வழியில்லை.

இதற்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. அமேசான் நிறுவனம் 2013 இல் தொடங்கிய 'மேட்ச்புக்' திட்டத்தில், 1995 முதல் தன்னிடம் அச்சு நூல் வாங்கியிருந்தவர்களுக்கு, பதிப்பகத்தார் இணங்கிய நூல்களின் மின்பதிப்பை 2.99 டொலருக்கோ அதற்குக் குறைவாகவோ, சிலவற்றை இலவசமாகவோ கொடுத்தது. 2019 இல் அதை நிறுத்திவிட்டார்கள். கணினி நூல்களை வெளியிடும் மேனிங் பதிப்பகம் இன்னும் எளிதான வழியைப் பின்பற்றுகிறது: அச்சு நூலுக்குள் இருக்கும் குறியீட்டைப் பதிந்தால் மின்னூல் கிடைத்துவிடும். தொலைபேசி ரீலோட் அட்டையைச் சுரண்டிப் பழகிய நமக்கு இதில் விளங்காதது எதுவுமில்லை. உள்ளட்டையில் ஒருமுறை மட்டுமே செல்லுபடியாகும் இலக்கமொன்றை மறைத்து அச்சிட்டால் போதும்.

மின்னூலை வைத்துக்கொண்டு அச்சு நூலை விற்றுவிடுவார்களே என்று பதிப்பகத்தார் அஞ்சலாம். எங்கள் ஒழுங்கையில் புத்தகத்தை விற்றவரை நான் கண்டதில்லை. இரவல் கொடுத்துத் திரும்பப் பெறாதவர்களில் நானும் ஒருவன். மேலும், மின்னூலில் நாம் வாங்குவது பெரும்பாலும் படிக்கும் அனுமதியை மட்டுமே. 2009 இல் ஜோர்ஜ் ஓர்வெல்லின் நூல்கள் வாங்கியவர்களின் கிண்டில் எனும் அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவிகளிலிருந்து அவர்களைக் கேளாமலே அழிக்கப்பட்டன. இரவல் கொடுக்கவும் பேரனுக்கு விட்டுச்செல்லவும் முடியாத ஒன்றுக்கு, அதே வாசகரிடம் இரண்டாம் முறையும் முழு விலை கேட்பது நியாயமாகத் தோன்றவில்லை.

ஒலிநூலை இக்கணக்கில் சேர்க்கமாட்டேன். அதில் வாசிப்பவரின் குரலும் ஒலிப்பதிவுக் கூடத்தின் உழைப்பும் புதிதாகச் சேர்கின்றன. அதற்குரிய விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். மின்னூலோ அச்சுக்காகத் தட்டச்சு செய்து பிழைதிருத்திய அதே பிரதியிலிருந்து பிறப்பது. அதைக் கருவிக்கேற்ப ஒழுங்குபடுத்தும் செலவுக்காக அச்சு விலையில் பத்திலொரு பங்கைக் கேட்டால், மறுப்பின்றிக் கொடுப்பேன். அந்தத் தொகையையும் பின்னட்டையிலேயே அச்சிட்டுவிட்டால், கடையில் நிற்கும்போதே வாசகர் முடிவு செய்துகொள்வார்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.