அலட்சியம் மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

'இத்தனை கருத்தடை வழிகள் இருந்தும் திட்டமிடாத கர்ப்பம் ஏன்?' என்று சென்ற இதழில் கேட்டுவிட்டு, 'அலட்சியம்தான்' என்று கட்டுரையாளரே பதிலும் சொல்லிவிட்டார். கேள்வி சரி. பதிலில்தான் அவசரம் தெரிகிறது.

ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2022 அறிக்கைப்படி, உலகில் ஆண்டுதோறும் சுமார் 12 கோடியே 10 லட்சம் கர்ப்பங்கள் திட்டமிடாமல் உண்டாகின்றன. மொத்தக் கர்ப்பங்களில் இது கிட்டத்தட்ட பாதி. அத்தனையையும் அலட்சியக் கணக்கில் எழுதிவிட முடியுமா? கருத்தடை கைக்கெட்டாதவர்களும் இதில் ஏராளம். அது தனிக் கதை. நான் சொல்ல வந்தது, கருத்தடை செய்துகொண்டும் கருவுறுகிறவர்களைப் பற்றி.

மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டால் ஓராண்டில் 1000 பெண்களில் 3 பேர் கருவுறலாம். சாதாரணமாக மனிதர்கள் சாப்பிடுகிற லட்சணத்தில் சாப்பிட்டால் 100-க்கு 7 பேர். மருந்து அதேதான். நடுவில் இரவு வேலை வருகிறது, பயணம் வருகிறது, வாந்தி வருகிறது, அட்டை தீர்ந்துபோனது மறுநாள்தான் தெரிகிறது. ஆணுறையிலும் இதே கதை: சரியாகப் பயன்படுத்தினால் 100-க்கு 2, நடைமுறையில் 13.

இந்த 7 என்பது ஓராண்டுக் கணக்கு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதே விகிதம் நீடித்தால் பத்தாண்டில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒருமுறையாவது கருவுற்றிருப்பார்கள். வயது ஏற ஏற, பழக்கமும் படிய இது குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் கருத்தரிக்கக்கூடிய காலம் முப்பது ஆண்டுக்கு மேல் நீள்கிறதே! அத்தனை ஆண்டும் ஒரு நாள்கூட மறக்காத மனிதர் யார்?

மறதியே இல்லாமலும் நடக்கிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகள் கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும். 'வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?' என்று மருத்துவர் கேட்க மறந்தால், அந்தப் பெண்ணுக்குத் தானாகச் சொல்லத் தோன்றுவதில்லை. பிரசவமானவர்களுக்கு வேறொரு சிக்கல். தாய்ப்பால் பாதுகாப்பு தருவது உண்மை. ஆனால் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால்தான். மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடும் என்பதால், 'இன்னும் வரவில்லையே' என்று காத்திருந்தவர்கள் அடுத்த குழந்தையோடு நிற்கிறார்கள்.

கட்டுரை தொடவே தொடாத விஷயம் பக்க விளைவு. தலைவலி, நிற்காத ரத்தக்கசிவு, மனச்சோர்வு என்று போய்ச் சொன்னால், 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பெண்ணும் பொறுத்துப் பார்த்து ஒருநாள் நிறுத்திவிடுகிறார். காப்பர்-டி போன்ற வேறு வழிகளைப் பற்றிப் பொறுமையாக விளக்க ஆள் இருப்பதில்லை. ஒன்றை விட்டு இன்னொன்றைத் தொடங்குவதற்குள் இருக்கும் அந்த இடைவெளியில் எத்தனையோ கர்ப்பங்கள் உண்டாகின்றன. இதற்கும் பெயர் அலட்சியம் என்றால், அது யாருடைய அலட்சியம்?

அப்புறம், கட்டுரை முழுவதும் தேடிப் பார்த்தேன், ஆண் என்று ஒருவரைக் காணவில்லை. 'இன்று ஒருநாள்தானே' என்று ஆணுறையை வேண்டாம் என்பவர் யார்? 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கடைசி நொடியில் விலகிக்கொள்ளும் முறையை நம்பச் சொல்பவர் யார்? அந்த முறையில் ஓராண்டில் 100-க்கு சுமார் 20 பேர் கருவுறுகிறார்கள். மனைவியின் மாத்திரையை ஒளித்துவைக்கும் கணவர்களும் உண்டு. அதை மறதிக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. வாசக்டமி என்ற ஆண் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்ட நல்ல மனிதர்கள்கூட, சுமார் மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று உறுதியாகும்வரை வேறு பாதுகாப்பு தேவை என்பதை அறியாமல் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில் மனைவி கருவுற்றால் சந்தேகப் பார்வை யார் மேல் விழும் என்று சொல்லவா வேண்டும்?

அடுத்த முறை இப்படியொரு கட்டுரை வெளியிடும்போது, சரியாகப் பயன்படுத்தினால் எவ்வளவு, நடைமுறையில் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். பேட்டிக்கு நாலு ஆண்களையும் கூப்பிடுங்கள். வாசக்டமிக்குப் பிறகு விந்துப் பரிசோதனைக்குப் போனீர்களா என்பதிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி