ஒரு பணத்துக்கு ஒருபடி கோதுமை

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. பைபிளில் எல்லாம் வாசிக்கிறாய், கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை மட்டும் திறப்பதே இல்லை என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. கன்வென்ஷன் கூட்டத்தில் ஒரு பிரசங்கியார் மூன்று ராத்திரி இரகசிய வருகையைப் பற்றியே, இயேசு திடீரென்று வந்து தம்முடையவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போவார் என்றே பேசினார். மறுநாள் விடியற்காலை நான் தெருக்குழாய்க்குப் போய்த் திரும்பினால், நீ வாசற்படியில் பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாய். அம்மாவை எடுத்துக்கொண்டார்கள், நான் மட்டும் விடப்பட்டேன் என்று நினைத்துவிட்டாய். "தண்ணிக்குத்தானடி போனேன்" என்று சொல்லிக் குடத்தை இறக்கினேன். அதோடு விட்டுவிட்டேன். அன்றைக்கே உன்னோடு உட்கார்ந்து பேசாதது என் தப்பு.

அந்தப் புத்தகமே ஒரு கடிதம்தான் அம்மா. பத்மு தீவிலிருந்த யோவான், கடலுக்கு அந்தப்பக்கம், இன்றைய துருக்கியில் இருந்த ஏழு சபைகளுக்கு எழுதியது. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதற்காக எழுதியது என்று முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. கேட்டவர்கள் ஏற்கெனவே பயந்துகிடந்தவர்கள். அந்த ஏழில் ஒன்றான பெர்கமு ஊரில் அந்திப்பா என்ற விசுவாசியைக் கொன்றிருந்தார்கள். ரோமைப் பேர் சொல்லித் திட்ட முடியாத காலம். அதனால் பாபிலோன் என்றார், ஏழு மலைமேல் உட்கார்ந்தவள் என்றார். கேட்டவர்களுக்குப் புரிந்திருக்கும். அதில் வரும் மிருகத்தின் எண்ணான 666-ம் அப்படித்தான். எபிரேயத்தில் எழுத்துக்கு எண் உண்டு. ரோமப் பேரரசன் நீரோ இராயன் பெயரைக் கூட்டினால் அந்த எண் வரும் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்த எண் கார்டுகளில் ஒளிந்திருக்கிறது என்று சிலர் பயமுறுத்துவார்கள். உன் ஆபீஸ் கார்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆறாம் அதிகாரத்தில் கறுப்புக் குதிரை வருகிறதே, அதன்மேல் இருப்பவன் கையில் என்ன இருக்கிறது என்று பார். வாள் இல்லை, தராசு. "ஒரு பணத்துக்கு ஒருபடி கோதுமை" என்று ஒரு சத்தம் கேட்கிறது. மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டத்து வேலையாளுக்கு நாள் முழுக்க உழைத்ததற்குப் பேசிய கூலியும் அதே ஒரு பணம்தான். அப்படியானால் ஒரு நாள் கூலிக்கு ஒரு ஆள் சாப்பாடு. வீட்டில் பிள்ளைகள் இருந்தால்? வாற்கோதுமை வாங்கு, மூன்று படி கிடைக்கும். ஆனால் எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தக் கூடாதாம். அப்பா வேலை இல்லாமல் இருந்த வருஷம் ரேஷன் கடை வரிசையில் நின்ற எனக்கு, இந்த வசனத்துக்கு வியாக்கியானம் தேவைப்படவில்லை. அப்புறம் பதினெட்டாம் அதிகாரத்தில் வியாபாரிகளின் சரக்குப் பட்டியல் வரும். பொன், முத்து, இலவங்கப்பட்டை, மாவு, ஆடு, குதிரை என்று போய்க் கடைசியில் மனுஷருடைய ஆத்துமாக்கள் என்று முடியும். ஆளை விற்பதையும் சரக்கோடு சரக்காகக் கணக்கில் எழுதிய உலகம் அது. அந்த உலகம் விழும் என்றுதான் யோவான் சொல்கிறார். அதைக் கேட்டு அந்த ஏழு சபைகளிலும் எத்தனை அடிமைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

பிரசங்கியார் மிருகத்தோடு நிறுத்திவிட்டார். இருபத்தொன்றாம் அதிகாரம் வரைக்கும் வரவே இல்லை. "அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார்" என்று அங்கே இருக்கிறது.

ஆறாம் அதிகாரத்தில் ஆரம்பி. பயம் வந்தால் நிறுத்திவிட்டு உடனே போன் பண்ணு. எந்த நேரமானாலும் சரி, அம்மா வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா