சைகோனில் வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள், பின்னால் உட்காருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில் வியட்நாம் பயணம் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நன்றாகவே இருந்தது. ஆனால் ஹோ சி மின் நகரில் (அதுதான் பழைய சைகோன்) இறங்கியதும் ஒரு பைக்கை வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டிப் பாருங்கள் என்று அதில் ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். அதை நம்பி யாராவது கிளம்பிவிடப் போகிறார்களே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

2025 ஆகஸ்டில் நானும் மகளும் மாப்பிள்ளையும் அங்கே போயிருந்தோம். முதல் நாளே மாப்பிள்ளை ஒரு கடையில் 110 சிசி வண்டி எடுத்தார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. வியட்நாமில் 50 சிசிக்கு மேற்பட்ட வண்டி ஓட்ட அந்த நாட்டில் செல்லுபடியாகும் உரிமம் கட்டாயம். அது எங்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளை இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறவர், நிதானமானவர், குடிப்பழக்கம் கிடையாது. அப்படியும் விழுந்தார்.

காரணம் எளிது. அங்கே சாலையின் வலப்பக்கம் போக வேண்டும். நமக்கு இடப்பக்கம் திரும்புவதுதான் சுலபமான திருப்பம், ஓரமாக ஒடித்துக்கொண்டு போய்விடுவோம். அங்கே அதே இடப்பக்கத் திருப்பம்தான் எதிரே வரும் கூட்டம் முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டிய திருப்பம். ஒரு நொடி பழக்க தோஷத்தில் அவர் கண் தவறான பக்கம் போனது. இடித்த பையன் உடனே இறங்கி ஓடிவந்து தூக்கினான், அவன் மேல் குற்றம் இல்லை. மாப்பிள்ளைக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. பயணக் காப்பீடு எடுத்திருந்தோம். செல்லத்தக்க உரிமம் இல்லாமல் ஓட்டியதால் பணம் தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது. அவர்கள் காட்டிய விதி நாங்கள் கையெழுத்திட்ட தாளிலேயே இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை.

இதைச் சொல்லி மோட்டார் சைக்கிளே வேண்டாம் என்று நான் முடிக்கப் போவதில்லை. மூன்றாம் நாள் மாலை மகளும் நானும் ஆளுக்கு ஒரு வண்டியில், வழிகாட்டிகளின் பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்றினோம். மாப்பிள்ளைதான் எங்களை வற்புறுத்தி அனுப்பினார். நான்கு மணி நேரம், ஒருவருக்கு 9 லட்சம் டாங். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே ஏறத்தாழ 300 டாங் என்பதால் மூவாயிரம் ரூபாய் வரும். எனக்கு 59 வயது. இதுவரை நான் போன பயணங்களில் அந்த நான்கு மணி நேரத்துக்கு இணையாக எதையும் சொல்ல மாட்டேன்.

எனக்கு வண்டி ஓட்டியது ஒரு கல்லூரி மாணவி, வயது 21. வந்ததும் முதலில் என் வயதைக் கேட்டாள். திகைத்துப் போனேன். பிறகு விளக்கினாள்: வியட்நாமிய மொழியில் எல்லோரையும் பொதுவாக 'நீ', 'நீங்கள்' என்று கூப்பிட்டுவிட முடியாதாம். அக்காவா, அத்தையா, பாட்டியா என்று தெரிந்தால்தான் வாயே திறக்க முடியும். என்னை 'கோ' என்று அழைக்க முடிவு செய்தாள். அப்பாவின் தங்கைக்குச் சொல்லும் சொல்லாம். அப்படியானால் அத்தை. தன்னை 'கோன்' என்று சொல்லிக்கொண்டாள், பிள்ளை என்று பொருள். முறை சொல்லிக் கூப்பிட்டே வளர்ந்த எனக்கு, வண்டியில் ஏறும் முன்பே பாதி பயம் போய்விட்டது.

ஏறுவதற்கும் முறை இருக்கிறது. அந்த வண்டிகளில் புகைக்குழாய் வலப்பக்கம் இருக்கும், சூடாகக் கொதிக்கும். கெண்டைக்காலில் பட்டால் தோல் உரிந்துவிடும். அதனால் ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கம்தான். ஒருக்களித்து உட்காரக் கூடாது, இருபக்கமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும் என்றாள். நம் வண்டிகளில் இருப்பதுபோல் சேலைக் காப்பு அங்கே கிடையாது, எனவே பெண்கள் சுடிதாரில் போவது நல்லது. முழங்காலை வெளியே நீட்டாதீர்கள், வண்டி சாயும் பக்கமே நீங்களும் சாயுங்கள், கைப்பேசியைச் சாலைப் பக்கம் நீட்டிப் படம் எடுக்காதீர்கள், வண்டியில் வந்தே பறித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு என்றாள். ஹெல்மெட்டின் தாடை வாரில் தன் விரலை நுழைத்துப் பார்த்து, தளர்வாக இருந்ததால் இழுத்துப் பூட்டினாள். ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது 2007 டிசம்பர் 15 முதல் அங்கே அமலில் இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவதில் கொஞ்சம் குடித்தேன் என்ற பேச்சுக்கே இடமில்லை, 2020 முதல் ஒரு சொட்டு இருந்தாலும் அபராதம். 2025 ஜனவரியிலிருந்து சிவப்பு விளக்கைத் தாண்டினால் 40 லட்சம் முதல் 60 லட்சம் டாங். நம் பணத்தில் பதின்மூன்றாயிரத்திலிருந்து இருபதாயிரம். நான் பார்த்த சந்திப்புகளில் எல்லாம் நூறு வண்டிகள் கோட்டுக்குப் பின்னால் வரிசையாக நின்றன.

விளக்கு பச்சையானதும்தான் அந்த ஊர் என்னவென்று தெரிகிறது. நாலாபுறமும் வண்டிகள், ஒருவர் முழங்கை மற்றவர் முழங்கையை உரசும் நெருக்கம். முன்னால் ஒருவர் ஒரு முழுக் கண்ணாடிப் பலகையைக் கட்டிக்கொண்டு போகிறார், பக்கத்தில் ஒரு குடும்பமே நான்கு பேராக. ஆனால் யாரும் திடீரென்று எதையும் செய்வதில்லை. எல்லோரும் மெதுவாக, அடுத்தவர் ஊகிக்கும்படி நகர்கிறார்கள். சாலையை நடந்து கடக்கும்போதும் அதே விதிதான்: ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருங்கள், நின்றுவிடாதீர்கள், பின்வாங்கிவிடாதீர்கள், வண்டிகள் உங்களைச் சுற்றிப் போய்க்கொள்ளும். பேருந்து ஜன்னல் வழியாக இதைப் பார்த்தால் குழப்பமாகத்தான் தெரியும். வண்டியின் பின்னால் உட்கார்ந்தால் அதற்குள் இருக்கும் ஒழுங்கு உடம்புக்கே புரிந்துவிடுகிறது.

முதலில் மத்திய அஞ்சலகம் போனோம். முப்பத்தாறு வருடம் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவள் நான், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1886 முதல் 1891 வரை கட்டியது. உள்ளே சுவரில் பெரிய பெரிய வரைபடங்கள், ஒன்று தென் வியட்நாம், கம்போடியத் தந்திக் கம்பிகளின் பாதை. இன்னும் அங்கே தபால் வேலை நடக்கிறது. டுவாங் வான் ஙோ என்ற பெரியவர் பணி ஓய்வுக்குப் பிறகும் பல வருடம் அங்கே ஒரு மேசையில் உட்கார்ந்து, மொழி தெரியாதவர்களுக்குப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் இப்போது இல்லை. அவர் உட்கார்ந்த இடம் இது என்று அவள் காட்டியபோது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

பக்கத்தில் லி து சோங் தெருவில் 22ஆம் எண் கட்டடத்தின் உச்சியைக் கீழே இருந்தே காட்டினாள். வியட்நாம் போர் முடியும் தறுவாயில், 1975 ஏப்ரல் 29 அன்று, ஹெலிகாப்டரை நோக்கி ஏணியில் வரிசையாக மக்கள் ஏறும் அந்தப் புகைப்படம் எடுக்கப்பட்டது இந்த மாடியைத்தான். பலரும் அமெரிக்கத் தூதரகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு.

அடுத்தது அவர்கள் திட்டத்தில் இல்லாத இடம். ட்ரூங் டின் தெருவில் நம் மாரியம்மன் கோயில் இருக்கிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வணிகம் செய்யப் போன தமிழர்கள் எழுப்பியது. அங்கே போக முடியுமா என்று தயக்கத்தோடு கேட்டேன், அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். "சுவா பா ஆன் தானே" என்றாள். இந்திய அம்மன் கோயில் என்று அர்த்தமாம். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு பரீட்சைக்கு முன்பும் அவள் அம்மா அவளை அங்கே கூட்டிப் போவாராம். உள்ளே போனால் ஊதுபத்திப் புகைக்கு நடுவே வியட்நாமியர்கள்தான் நிறைந்திருக்கிறார்கள். கருவறையின் பின்பக்கக் கல்சுவரில் நெற்றியை வைத்து, தங்கள் வேண்டுதலை அம்மன் காதில் சொல்வதுபோல் முணுமுணுக்கிறார்கள். நான் அவளுக்குக் காட்டப் போனேன், கடைசியில் அவள்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தாள். அவள் பக்கத்தில் நெற்றியை வைத்து மாப்பிள்ளையின் தோள் சீக்கிரம் தேற வேண்டும் என்று தமிழில் சொன்னேன். வெளியே வந்ததும் மாரி என்றால் மழை என்றேன். அவளுக்கு அது தெரியாது. உடனே கைப்பேசியில் எழுதி வைத்துக்கொண்டாள்.

ஆசிரியர் அவர்களே, நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போகிறார்கள். தோன் தாட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. டோங் டு தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. மூன்றும் நகரின் நடுவிலேயே, வண்டியில் சில நிமிட தூரத்தில். வழிகாட்டிகளிடம் கேட்டால் கூட்டிப் போவார்கள், யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை வியட்நாம் பற்றி எழுதினால் இந்த மூன்றையும் தயவுசெய்து சேருங்கள்.

பிறகு ஒரு பெரிய சந்திப்புக்குச் சற்று முன்னாலேயே வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். 1963 ஜூன் 11 அன்று திக் குவாங் டுக் என்ற பௌத்தத் துறவி, தம் சமயத்தாரை ஒடுக்கிய அரசை எதிர்த்து, அந்தச் சந்திப்பில் பத்மாசனத்தில் அமர்ந்து தீக்குளித்தார். இப்போது அங்கே அவருக்குச் சிலை இருக்கிறது. சுற்றி வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அவள் எதுவும் விளக்கவில்லை, கை கூப்பிவிட்டுக் கிளம்பினாள்.

அங்கிருந்து, அந்தச் சந்திப்பைக் கடந்து போகும் நுயென் டின் சியூ சாலையில் சந்துகளுக்குள் நுழைந்தோம். சந்துக்கு அவர்கள் மொழியில் ஹெம். காரும் நுழையாது, பேருந்தும் நுழையாது. ஊரின் வாழ்க்கையில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. ஒரு சுவரில் 287/70 என்று எண் பார்த்தேன். பெரிய சாலையில் 287ஆம் எண்ணுக்குப் பக்கத்தில் பிரியும் சந்து, அதற்குள் 70ஆம் வீடு. சந்துக்குள் இன்னொரு சந்து இருந்தால் இன்னொரு சாய்கோடு, இன்னொரு எண். வழி முழுவதையும் முகவரியே சொல்லிவிடுகிறது! எத்தனையோ வருடம் "பிள்ளையார் கோயில் பின்புறம்" என்ற முகவரிகளைப் பிரித்தவளுக்கு இது எவ்வளவு அழகான ஏற்பாடாகத் தெரியும் என்பதை என் துறையில் இருந்தவர்கள் அறிவார்கள். அந்த 287/70 சாதாரண வீடும் அல்ல. போர்க்காலத்தில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் அதன் தரைக்கடியில் டன் கணக்கில் ஆயுதம் பதுக்கி வைத்திருந்து, 1968இல் வியட்நாமியப் புத்தாண்டின்போது சைகோன் மீது நடத்திய தாக்குதலுக்கு எடுத்திருக்கிறார்கள். வெளியே பார்த்தால் பக்கத்து வீடுகளைப் போலத்தான் இருக்கிறது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மே முதல் நவம்பர் வரை மாலையில் இப்படிக் கொட்டுமாம். எல்லா வண்டிகளும் ஓரம் கட்டின. அவள் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு மழைக்கோட்டை எடுத்தாள்: ஒரே துணி, தலை நுழைக்க இரண்டு முக்காடு, முன்விளக்குக்கு நேரே மட்டும் ஒளி தெரியும் பிளாஸ்டிக். அவளும் நானும் அதற்குள் புகுந்துகொண்டு ஹோ தி கி பூச்சந்தை வரை போனோம். அங்கே பான் சேயோ சாப்பிட்டோம். அரிசி மாவில் மஞ்சள் தூள் கலந்து வார்க்கும் முறுகலான தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சேயோ' என்பது மாவை ஊற்றும்போது சட்டியில் எழும் சத்தமாம். சைவம் வேண்டும் என்றால் 'சாய்' என்று சொன்னால் போதும்.

2025 ஜூலை 1 முதல் அந்த நாட்டில் மாவட்டம் என்ற நிர்வாகப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அவள் வழி முழுக்க முதல் மாவட்டம், மூன்றாம் மாவட்டம், பத்தாம் மாவட்டம் என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். இதெல்லாம் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போயிருந்தால் எனக்குக் கிடைத்திருக்குமா? கண் முழுக்கச் சாலையில் அல்லவா இருந்திருக்கும். எனவே தங்கள் கட்டுரை சொன்ன அந்த யோசனைக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்: உரிமம் பற்றியும், காப்பீடு பற்றியும், வலப்பக்கப் போக்குவரத்து பற்றியும் நாலு வரி போதும். மாப்பிள்ளையின் தோள் இப்போது தேறிவிட்டது. இன்னொரு வீட்டில் அப்படித் தேறாமல் போய்விடக் கூடாது.

கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம் அவள் வீட்டு முகவரியை வாங்கிக்கொண்டேன். மூன்று எண், இரண்டு சாய்கோடு. ஊர் வந்ததும் ஒரு கடிதம் எழுதி, அந்தச் சாய்கோடுகளைத் தெளிவாகப் போட்டு, நானே தபாலில் சேர்த்தேன். பத்தொன்பதாம் நாள் படம் அனுப்பினாள். சந்து முனையில், மழைக்கோட்டோடு, உறையைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் அவள் அம்மா.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்