மாத்திரை அட்டையை எண்ணிப் பார்

பாப்பா,

நீ போன் எடுக்காததால் எழுதுகிறேன். ஆடிக்கிருத்திகைக்கு வராததைக் கேட்க இல்லை. சோழிங்கநல்லூரிலிருந்து பெரம்பூர் தூரம்தான், தெரியும்.

"நீர்க்கடுப்பு, மாத்திரை போட்டேன், நின்னுடுச்சு" என்று தம்பிக்கு அனுப்பியிருக்கிறாய். எத்தனை நாள் போட்டாய்? எரிச்சல் நின்றதும் நீயே நிறுத்தியிருப்பாய். மிச்சமிருக்கும் கிருமி கிட்னிக்கு ஏறும், அங்கிருந்து ரத்தத்தில் கலக்கும்.

விலாவுக்குக் கீழே முதுகில் ஒரு பக்கம் வலி, தூக்கிப் போடும் குளிர் ஜுரம், வாந்தி வந்தால் கிட்னிக்குப் போயாச்சு. நீர்க்கடுப்புக்குத் தருகிற நைட்ரோஃபுரான்டாயின் அதற்குப் போதாது. சிறுநீரில்தான் அது சேரும், கிட்னி சதையில் சேராது. வலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் கிட்னியை இன்னும் கெடுக்கும்.

மூச்சை எண்ணு. நிமிஷத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், மேல் பிபி 100 அல்லது அதற்குக் கீழ், பேச்சில் குழப்பம், இதில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடு. யூரினும் குறையும். 60 கிலோ உடம்புக்கு மணிக்கு 30 மில்லியாவது போக வேண்டும். ஜுரம் இல்லையே என்று இருந்துவிடாதே, செப்சிஸில், அதாவது கிருமித் தொற்று உடம்பு முழுக்கக் கெடுக்கும் நிலையில், உடம்பு சில்லிட்டும் போகும்.

பாட்டிக்கு அப்படித்தான் இருந்தது. உளறினாள், ஜுரம் இல்லை. "வயசாயிடுச்சு" என்று சொன்னது நான்தான் பாப்பா. முப்பது வருஷம் வார்டில் நின்றவள். இரண்டு நாளை விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்னால், எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க, பிளட் கல்ச்சரும் யூரின் கல்ச்சரும் எடுக்கச் சொல். அதற்காக ஊசி தள்ளிப்போகக் கூடாது, பிபி விழுந்து ஷாக் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும். போன வருஷ ஸ்கேனில் இருந்த கல்லைச் சொல்ல மறக்காதே. கல் அடைத்து மேலே சீழ் தேங்கினால் ஆன்டிபயாடிக் மட்டும் காப்பாற்றாது. உள்ளே ஸ்டென்ட் வைத்தோ, முதுகு வழியாக டியூப் போட்டோ வடிக்க வேண்டும்.

எட்டு பேரை மேய்க்கிற டீம் லீட், எனக்குப் பெருமைதான். அதற்காக மீட்டிங் முடியட்டும் என்று யூரினை அடக்காதே. தண்ணீர் குடி. அடக்காதே.

இன்னொன்று. நாள் தள்ளிப்போயிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடு. அந்த நேரத்தில் கிருமி சீக்கிரம் கிட்னிக்கு ஏறும், மருந்தும் மாறும். என்னிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, டாக்டரிடம் மறைக்காதே.

அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று ஒரு போட்டோ அனுப்பு. பேச வேண்டாம், போட்டோ போதும்.

அம்மா