போவதற்கும் வருவதற்கும் ஒரே நேரமா?

விமான நிலையங்களுக்கு இடையேயான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கணக்கிட்டுத் தருவோருக்கு,

வணக்கம்.

தூரத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாகக் கொண்டு, இரு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய வளைகோட்டை, அதாவது பெருவட்டப் பாதையை, அளக்கிறீர்கள். துருவங்களில் பூமி சற்றுத் தட்டை என்பதால் வரும் பிழை அரை சதவீதம்தான். போகட்டும். என் வழக்கு நேரத்தைப் பற்றியது.

சில மாதங்களுக்கு முன் என் தாயாரை நெடுந்தூரப் பயணம் அழைத்துச் சென்றேன். அவருக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை. பத்து மணி நேரப் பயணம் என்று நீங்கள் சொன்னதை நம்பி, ஒரு வேளைக்கானதை மட்டும் கைப்பையில் வைத்தேன். மற்றவை பெட்டியோடு போய்விட்டன. விமானம் பதின்மூன்று மணி நேரம் பறந்தது. டிக்கெட்டில் இருந்த நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி இருந்தன; கூட்டிக் கழித்துப் பார்க்காத சோம்பல் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

பிறகுதான் உங்கள் கணக்கு புரிந்தது. தூரத்தை மணிக்கு 800 கி.மீ. போன்ற ஒரு வேகத்தால் வகுக்கிறீர்கள். ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்க்கிறீர்கள். ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கி.மீ. உங்கள் முறையில் பத்தேகால் மணி நேரம். ஆனால் 2022இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியபின், அவை சுற்றிப் போகின்றன, சில சமயம் வட துருவத்தின் மேலாகவே. ஆகும் நேரம் ஏறத்தாழ 13 மணி. பெருவட்டத்துக்கு எல்லையும் போரும் தெரியாது, விமானிக்குத் தெரியும்.

காற்றும் உங்கள் கணக்கில் இல்லை. நியூயார்க்கிலிருந்து லண்டன் போகும் விமானத்தை மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்றோட்டம் பின்னாலிருந்து தள்ளுகிறது. திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்கிறது. வழக்கமாகவே ஒரு மணி நேரம் போல வித்தியாசம். 2020 பிப்ரவரியில் புயல் காற்றின் தயவில் ஒரு விமானம் அந்த வழியை 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது. நீங்களோ இரு திசைக்கும் ஏழரை மணி நேரம் என்கிறீர்கள்.

சிட்னிக்கும் லண்டனுக்கும் இடையே சுமார் 17,000 கி.மீ. அதற்கும் கூசாமல் இருபத்தொன்றே முக்கால் மணி நேரம் என்று வந்து விழுகிறது! நான் இதை எழுதும் நாளில் அவ்விரு ஊர்களையும் இடைநிற்காமல் இணைக்கும் பயணிகள் சேவையே கிடையாது. வழியில் இறங்கிக் காத்திருக்கும் மணிகளை யார் கணக்கில் எழுதுவது?

கேட்பது பெரிதல்ல. போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று தனித்தனியே காட்டுங்கள். என்ன வேகத்தை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். நேரடி விமானம் இல்லாத இடத்தில், இல்லை என்றே சொல்லுங்கள். நிமிடக் கணக்கை விட்டுவிடலாம். அந்தத் துல்லியம்தான் என்னை ஏமாற்றியது.

அடுத்த மாதம் அதே வழியில் திரும்புகிறோம். உங்களிடம் மறுபடியும் கேட்டுப் பார்த்தேன். அதே பத்து மணி நேரம். மாத்திரைகள் மொத்தமும் இம்முறை கைப்பையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு பயணி