‘மித்தா புங்காக்கு’ இதழுக்குக் கதை அனுப்பும் இளைஞர்களுக்கு

நண்பர்களே, வணக்கம்.

டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் 1910 மே மாதம் தொடங்கிய உங்கள் இலக்கிய இதழ், நடுவில் சில முறை நின்றுபோய் மறுபடி எழுந்தது. புதிய எழுத்தாளர்களுக்கு ஜப்பானில் தரப்படும் பெரிய இலக்கிய விருதான அகுதாகவா பரிசுக்குப் போகும் வழியில் இது முதல் படி என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பரிசு பெரும்பாலும் பெரிய பதிப்பகங்கள் நடத்தும் நாலைந்து இதழ்களில் வந்த கதைகளுக்கே கிடைக்கிறது. அங்கே எடுபடும் கதையைப் பார்த்து அதே மாதிரி ஒன்றை எழுதி இங்கே அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

இதழின் முதல் ஆசிரியர் நாகாய் காஃபூ என்ன செய்தார் என்று பாருங்கள். 1911இல் தனிசாக்கி ஜுனிச்சிரோவின் கதை ஒன்றைப் போட்டார். தனிசாக்கிக்கு அப்போது 25 வயது. கெய்யோ மாணவர்கூட இல்லை. கதை காமத்தைப் பற்றியது. அரசு அந்த மாத இதழையே தடை செய்தது. காஃபூ அடங்கவில்லை, அடுத்த மாதமே தனிசாக்கியைப் பாராட்டிக் கட்டுரை எழுதினார்.

அப்புறம் ஹாரா தமிக்கி. கெய்யோவில் ஆங்கில இலக்கியம் படித்தவர். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த நொடியில் கழிப்பறையில் இருந்ததால் பிழைத்தார். கண்ணெதிரே கண்டதையெல்லாம் கையிலிருந்த குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போனார். அதிலிருந்து பிறந்த கதை அந்த ஆண்டே தயாராகிவிட்டது. ஆனால் போருக்குப் பின் ஜப்பானைத் தன் பிடியில் வைத்திருந்த அமெரிக்க ராணுவத்தின் தணிக்கைக்குப் பயந்து முதலில் அதை யாரும் அச்சிடவில்லை. 1947 ஜூனில், சில பகுதிகளை நீக்கிவிட்டு, ‘கோடைப் பூக்கள்’ என்று வெளியிட்டது உங்கள் இதழ்தான். அதிகம் விற்காத இதழ் என்பதே அன்று அதற்குக் கவசம்.

உங்கள் போட்டி இதழான, வாசெதா பல்கலைக்கழகத்தின் ‘வாசெதா புங்காக்கு’வும் சளைத்ததல்ல. ஜப்பானியப் புனைகதை வழக்கமாக மேலிருந்து கீழாகத்தான் அச்சாகும். குரோடா நாட்சுகோ கிடைமட்டமாக எழுதிய கதைக்கு 2012இல் அவர்கள் புதியவர் பரிசு கொடுத்தார்கள். அந்தப் ‘புதியவருக்கு’ வயது 75! அடுத்த ஜனவரியில் அகுதாகவா பரிசும் அதே கதைக்குத்தான் கிடைத்தது.

உங்களிடம் இரண்டு கதைகள் இருந்தால், பெரிய இதழ்க்காரர்கள் ‘இதை எப்படிப் போடுவது?’ என்று கையைப் பிசையக்கூடியதை இங்கே அனுப்புங்கள். ஆசிரியர் குழுவும் கையைப் பிசைந்தால், சரி, அவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுதிவிடுகிறேன்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகன்